வளரும் பிள்ளைக்கு எந்த மனநல நிபுணர்? ஐந்து வழிகளின் ஒப்பீடு

பத்தாம் வகுப்பு வரை ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்ற மகள், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் காலையில் எழவே மறுக்கிறாள். வகுப்பாசிரியர் கவுன்சிலிங் அழைத்துப் போகச் சொல்கிறார். குடும்ப மருத்துவர் சைக்கியாட்ரிஸ்டுக்குச் சீட்டு எழுதித் தருகிறார். சித்தப்பா கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டுகிறார். பாட்டி குலதெய்வத்துக்கு முடிந்து வைக்கச் சொல்கிறார். இந்த நிலையில் இருக்கும் பெற்றோர் பெரும்பாலும் "நல்ல டாக்டர் யார்?" என்றே கேட்கிறார்கள். அது சற்று முந்திக்கொண்ட கேள்வி. எந்த வகை உதவி தேவை என்பது தெளிவான பிறகுதான் அந்த வகைக்குள் நல்லவர் யார் என்று தேட முடியும்.

இது அரிதான சிக்கலும் அல்ல. 2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் அமரும் வகுப்பறையில் ஏறத்தாழ மூன்று பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு எட்டக்கூடிய ஐந்து வழிகளை இங்கே எடைபோடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயறியும் மதிப்பீட்டுக்கு ஓரிடத்தையும் வாராவாரம் தொடரும் சிகிச்சைக்கு வேறோர் இடத்தையும் பிரித்துத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். முன்னதற்குத் தொலைவு பொருட்டல்ல. பின்னதற்குத் தொலைவுதான் எல்லாம்.

## ஒப்பிட நேரமில்லாத நிலை

பிள்ளை சாக வேண்டும் என்று பேசியிருந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, பல நாட்களாகச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம். மாநிலத்தின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வைப்பதும் பிள்ளையைத் தனியே விடாமல் இருப்பதும் பெற்றோரின் வேலை. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் எதுவும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பயிற்சியும் பதிவும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பட்டம் பெற்று மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் என்பவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றவர். பெரும்பாலும் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியை மருத்துவமனையில் முடித்தவர். இந்த இரண்டுக்கும் வெளியே, "கவுன்சிலர்", "தெரபிஸ்ட்", "உளவியல் ஆலோசகர்" என்று பலகை மாட்டிக்கொள்பவர்களில் முதுகலை உளவியல் படித்து நல்ல மேற்பார்வையில் பணியாற்றியவர்களும் உண்டு, வார இறுதிச் சான்றிதழ் வகுப்புக்குப் போய்வந்தவர்களும் உண்டு. பலகை மட்டும் வேறுபாட்டைச் சொல்லாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, வயதுக்கான அனுபவம். பெரியவர்களுக்குச் சிறப்பாகச் சிகிச்சை அளிப்பவர் ஐந்து வயதுக் குழந்தையிடம் திணறக்கூடும். ஏழெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அடம், கோபம், கவனச்சிதறல் போன்றவற்றில் சிகிச்சையின் பாதி, பெற்றோருக்குத் தரப்படும் பயிற்சிதான். நான்கு வயதுக் குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தி, முக்கால் மணி நேரம் கழித்து "நன்றாக விளையாடினான்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் மாதக்கணக்கில் பணம் கட்டுவது வீண். பதின்பருவத்தினருக்கு இது தலைகீழாகும். அங்கே பெற்றோர் கதவுக்கு வெளியே இருப்பதுதான் சிகிச்சையைத் தொடங்கவே வைக்கும்.

மூன்றாவது, மொழியும் மனிதரும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் அழும்போது தமிழில்தான் அழுகிறது. சங்கடமான செய்திகளைப் பெண் நிபுணரிடம் மட்டுமே பேச விரும்பும் மகள் இருக்கலாம். சிற்றூர்களில் இன்னொன்றும் உண்டு: அந்த ஊரின் ஒரே ஆலோசகர் அப்பாவின் நண்பராகவோ அத்தையின் தோழியாகவோ இருந்தால், பிள்ளை வாய் திறக்காது.

நான்காவது, இரகசியம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்கான ஒப்புதலைப் பெற்றோரே தருகிறார்கள் என்றாலும், பிள்ளை சொல்வதையெல்லாம் நிபுணர் பெற்றோரிடம் ஒப்பிக்க வேண்டும் என்பது அதன் பொருளல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்குச் சொல்லப்படும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மற்றவை பிள்ளைக்கும் நிபுணருக்கும் இடையில் இருக்கும். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே, பிள்ளையும் உடனிருக்கும்போது, தெளிவாக்குபவரை நம்பலாம்.

ஐந்தாவது, மொத்தச் செலவு. ஒரு சந்திப்புக்கான கட்டணம் அதில் ஒரு பகுதிதான். பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, பொதுவாக வாரம் ஒருமுறையாக 12 முதல் 16 அமர்வுகள் வரை செல்லும். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 அமர்வுகளுக்கு 14,400 ரூபாய். பேருந்துக் கட்டணம், உடன் வருபவரின் ஒரு நாள் கூலி அல்லது விடுப்பு, பிள்ளை இழக்கும் வகுப்பு ஆகியவற்றைக் கூட்டினால்தான் உண்மைத் தொகை வரும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறினாலும், வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கும் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. வாராந்திர அமர்வுகள் பெரும்பாலும் கைக்காசில்தான் நடக்கும்.

## 1. பள்ளி ஆலோசகர்

சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளிலேயே பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்கிறது. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் மாணவர்கள் பேசலாம். கட்டணமில்லை, பயணமில்லை, "டாக்டரிடம் போகிறேன்" என்ற கூச்சமும் இல்லை. தேர்வு பயம், புதிய பள்ளியில் ஒட்டாமை, தோழமைச் சண்டை போன்றவற்றுக்கு இதுவே போதும். பல நேரங்களில், ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பவரும் இவராகத்தான் இருப்பார்.

மறைந்திருக்கும் விலை வேறு வகையானது. ஆலோசகர் பள்ளியின் ஊழியர். சிக்கலின் வேர் பள்ளியிலேயே இருந்தால், அதாவது ஓர் ஆசிரியரின் அவமதிப்போ சக மாணவர்களின் சீண்டலோ காரணமாக இருந்தால், அவர் இரு பக்கமும் இழுபடுவார். ஆலோசகர் என்ற பெயரில் ஒரு பாட ஆசிரியரே கூடுதல் பொறுப்பு வகிக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே சொன்னது ஆசிரியர் அறைவரை போய்விடும் என்று பிள்ளைகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

## 2. தனியார் ஆலோசனை உளவியலாளர்

வீட்டில் ஒரு மரணம், பெற்றோரின் பிரிவு, காதல் முறிவு, மதிப்பெண் சரிவு போன்ற, வாழ்க்கை நிகழ்வோடு தொடர்புடைய துயரங்களுக்கு நல்ல ஆலோசனை உளவியலாளர் மிகப் பொருத்தமானவர். மாலையிலும் ஞாயிறன்றும் நேரம் கிடைக்கும். ஒரே முகத்தை வாராவாரம் பார்க்கலாம். மருத்துவமனை வாசனை இல்லாத அறையில் பேசலாம். பதின்பருவத்தினர் விரும்பித் தொடரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் தரத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள பிரிவும் வேறில்லை. இங்கே எனக்குள்ள ஒரே சோதனை: தன் எல்லைக்கு வெளியே உள்ளவற்றை இவர் வேறொருவரிடம் அனுப்புகிறாரா என்பது. எந்த மனநல மருத்துவரோடு சேர்ந்து பணியாற்றுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு நல்ல ஆலோசகர் உடனே விடை சொல்வார். "மருந்தே தேவையில்லை, எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிடுவேன்" என்பவரிடமிருந்து விலகிவிடலாம். கைரேகையை வைத்துப் பிள்ளையின் அறிவைக் கணிப்பதாகவும், நடுமூளையைத் தூண்டுவதாகவும், ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகவும் விளம்பரம் செய்யும் இடங்களுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. அவை இந்த ஒப்பீட்டிலேயே இடம்பெறத் தகுதியற்றவை.

## 3. மருத்துவ உளவியலாளர்

கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), பள்ளிக்குப் போக மறுப்பது, கடும் பயங்கள், கற்றல் குறைபாட்டுக்கான சோதனை, நுண்ணறிவுச் சோதனை ஆகியவற்றுக்கு முதலில் நாட வேண்டியவர் இவரே. குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட சிகிச்சை முறை இருக்கிறது என்பதை இவரிடம்தான் நடைமுறையில் காணலாம். எண்ணச் சுழற்சி நோய்க்கு, பயத்தைத் தூண்டுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைத்து, சடங்கைச் செய்யாமல் தாங்கப் பழக்குவதே நிறுவப்பட்ட வழி. "மனதை அமைதியாக வைத்துக்கொள்" என்று ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நோய் வளரும். பள்ளி மறுப்பிலும் அப்படியே: வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிச் செல்வதைக் கடினமாக்குகிறது என்பதால், அரை நாளேனும் பள்ளி வாசலுக்குப் போகவைக்கும் திட்டத்தைப் பெற்றோரோடும் பள்ளியோடும் சேர்ந்து வகுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

சிக்கல், ஆள் கிடைப்பதில். சென்னை, கோவை, வேலூர், மதுரை போன்ற ஊர்களைத் தாண்டினால் குழந்தைகளோடு பணியாற்றும் ஆர்.சி.ஐ. பதிவாளர்கள் குறைவு, காத்திருப்பு நீளும். சோதனைகளுக்கு அமர்வுக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. அவை ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று நாட்கள் வரவைக்கும். இன்னொரு மறைவான செலவும் இருக்கிறது: கற்றல் குறைபாட்டுக்காகப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ வேண்டுமானால் அரசுத் தரப்பின் மருத்துவச் சான்று கேட்கப்படும். அப்போது, தனியாரிடம் பல ஆயிரம் கொடுத்துப் பெற்ற அறிக்கையோடு அரசு மருத்துவமனையில் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டிவரலாம். சான்றுதான் முதன்மைத் தேவை என்றால், தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. அதுவும் ஒன்பதாம் வகுப்பிலேயே.

## 4. மனநல மருத்துவர்

பெற்றோர் மிக அஞ்சுவதும், அதனால் மிகத் தாமதமாகப் போய்ச் சேர்வதும் இவரிடம்தான். சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே வசவாக மாறியிருக்கும் சமூகத்தில் இந்த அச்சம் வியப்பளிப்பதில்லை. ஆயினும் ஆழ்ந்த மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்துதல், திடீர் குணமாற்றம், பிரமைகள், கட்டாயமாக உணவைக் குறைத்து எடை இழத்தல், படிப்பை முடக்கும் கவனக்குறைவு மிகைச்செயல் நோய் (ஏ.டி.எச்.டி.) ஆகியவற்றில் இவரைத் தவிர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. உடல்நோய் எதுவும் மனநோயாக வேடமிட்டிருக்கிறதா என்று பார்க்கவும் இவரால் முடியும். தைராய்டு கோளாறையும் இரத்தசோகையையும் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

மருந்து என்றதும் எழும் கேள்விக்கு நேரான விடை இது: 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான டாட்ஸ் எனும் ஆய்வில், பதின்பருவ மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து தரப்பட்டபோதே தொடக்கப் பலன் அதிகமாக இருந்தது. அதே ஆண்டில், இவ்வகை மருந்துகள் இளையோரில் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அந்நாட்டு மருந்து ஒழுங்காணையம் எச்சரிக்கையும் விடுத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நடைமுறைப் பாடம், மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையை அடிக்கடி மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதே. திருநெல்வேலியில் இருந்துகொண்டு சென்னையின் புகழ்பெற்ற மருத்துவரிடம் மருந்து தொடங்கி, அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து என்றால், அந்தப் புகழால் பயன் குறைவு.

மறைவான செலவுகளில் இன்னொன்று, மருந்துக் கடை. கவனக்குறைவு மிகைச்செயல் நோய்க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாட்டோடு விற்கப்பட வேண்டிய மருந்துகளைக் கொண்ட, மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. அதை எல்லாக் கடைகளும் வைத்திருப்பதில்லை. சீட்டின் ஒரு படியைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். உங்கள் ஊரில் கிடைக்குமா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். பரபரப்பான தனியார் மருத்துவமனையில் மருத்துவர் தரக்கூடிய நேரம் சில நிமிடங்கள்தான் என்பதையும் எதிர்பார்த்துச் செல்ல வேண்டும். பேசிக் கேட்பதற்கு அவர் வேறொருவரிடம் அனுப்பினால், அது அலட்சியமல்ல, சரியான பங்கீடு.

## 5. அரசு மற்றும் அறக்கட்டளை மருத்துவமனைகள்

1794ஆம் ஆண்டில் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் சேவை, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையுள்ளோருக்கான மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை மனநலப் பிரிவு ஆகியவை இவ்வகையில் வரும். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், பேச்சுத் தாமதம் என்று ஐயம் எழுந்தால் இவற்றுக்கு ஈடில்லை. மனநல மருத்துவர், குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியாளர் ஆகியோரை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். தனியாரிடம் இதே சுற்றை முடிக்க ஒரு மாதமும் பெருந்தொகையும் ஆகும்.

அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை என்றாலும், காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி அரைநாள் காத்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி மருத்துவர்கள் பிரிவு மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற முறை பார்த்தவரே இம்முறையும் இருப்பார் என்ற உறுதியில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நேர்கையில் பதினைந்து வயதுப் பிள்ளை சோர்ந்துவிடும். ஆகவே மதிப்பீட்டுக்கும் மருந்துக்கும் சான்றுக்கும் மிகச் சிறந்த இடம். வாராந்திரப் பேச்சுச் சிகிச்சைக்குச் சில ஊர்களில் மட்டும்.

பாட்டி சொன்ன வேண்டுதலையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். மருந்தை நிறுத்தாதவரை வேண்டுதலால் சிகிச்சைக்குக் கேடில்லை. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநலச் சிகிச்சையும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருப்பது இந்தப் புரிதலில்தான்.

## இணையவழி: தனி வழியல்ல, ஒரு வடிவம்

செயலிவழி ஆலோசனையை நான் ஆறாவது வழியாக எண்ணவில்லை. மேற்சொன்ன நிபுணர்களில் யாரோ ஒருவர்தான் திரைக்கு அப்பாலும் இருக்கிறார். எனவே அதே பதிவையும் அனுபவத்தையும் அங்கேயும் கேட்க வேண்டும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும், நிபுணரே இல்லாத வட்டத்தில் வாழும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இது பெரும் உதவி. சிறு குழந்தைகளுக்கு ஏறக்குறைய பயனற்றது, பெற்றோர் பயிற்சியை மட்டும் நன்றாக நடத்தலாம். ஒரே அறையும் கூடமும் கொண்ட வீட்டில் பிள்ளை யாரும் கேட்காமல் பேசும் இடம் எது என்பதையும் யோசிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருத்துவர் சிறாரைப் பார்க்கும்போது அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். முன்பு சொன்ன மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளைத் திரைவழியே எழுதித் தர முடியாது.

| வழி | எப்போது சிறந்தது | கட்டணம் | மறைவான விலை |
|---|---|---|---|
| பள்ளி ஆலோசகர் | தேர்வு பயம், நட்புச் சிக்கல் | இல்லை | பள்ளியின் சார்பு, இரகசியம் கசிதல் |
| ஆலோசனை உளவியலாளர் | இழப்பு, பிரிவு, லேசான பதற்றம் | அமர்வுக்கு | தகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையது |
| மருத்துவ உளவியலாளர் | எண்ணச் சுழற்சி, பள்ளி மறுப்பு, சோதனைகள் | அமர்வும் சோதனையும் தனித்தனி | காத்திருப்பு, பயணம் |
| மனநல மருத்துவர் | கடும் மனச்சோர்வு, ஆபத்து, மருந்து தேவைப்படுபவை | சந்திப்புக்கு | குறுகிய நேரம், தொடக்க வாரங்களில் அடிக்கடி வருகை |
| அரசு, அறக்கட்டளை | வளர்ச்சிக் குறைபாடுகள், சான்று, எளிய குடும்பங்கள் | அரசில் இல்லை | அரைநாள் காத்திருப்பு, மாறும் மருத்துவர் |

## இரண்டாகப் பிரித்தால்

தொடக்கத்தில் சொன்ன பதினொன்றாம் வகுப்பு மாணவியின் வீடு விருதுநகர் பக்கம் என்று கொள்வோம். மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியிலோ நம்பகமான மனநல மருத்துவரிடமோ ஒருமுறை முழு மதிப்பீடு. அங்கே கிடைக்கும் நோயறிதலையும் சிகிச்சைத் திட்டத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, உள்ளூரிலோ இணையவழியிலோ வாராவாரம் ஓர் உளவியலாளர். மாதம் ஒருமுறை மீண்டும் மதுரை. மருந்து தொடங்கப்பட்டால் மட்டும் முதல் சில வாரங்களுக்கு மதுரைப் பயணத்தை நெருக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரு நிபுணர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள எழுத்துப்பூர்வ ஒப்புதல் கொடுத்துவிட்டால், பெற்றோர் தூது போக வேண்டியதில்லை.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே சிலவற்றைக் கேட்டுவிடலாம்: உங்கள் பதிவு எண் என்ன, இந்த வயதுப் பிள்ளைகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா, இந்தச் சிக்கலுக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள், எத்தனை அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தை அளப்பீர்கள், எங்களிடம் எவற்றைச் சொல்வீர்கள். இவற்றைக் கேட்டதற்காக எரிச்சல்படுபவர், பிள்ளையின் கேள்விகளுக்கும் எரிச்சல்படக்கூடும். பதின்மூன்று வயதைத் தாண்டியவர்கள் என்றால், பெற்றோர் விசாரித்துத் தேர்ந்த இருவரின் பெயரைச் சொல்லி, யாரிடம் போகலாம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. தானே தேர்ந்த இடத்துக்கு இரண்டாம் முறை போக மறுப்பவர்கள் குறைவு.

முதல் அமர்விலேயே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் மூன்று நான்கு அமர்வுகள் வரை பொறுத்துப் பார்க்கலாம். பழகாத ஒருவரிடம் மனம் திறப்பது யாருக்கும் எளிதல்ல. ஆனால் நிபுணர் பிள்ளையை அவமதித்தாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ, பெற்றோரைச் சந்திக்கவே மறுத்தாலோ, அன்றோடு நிறுத்திவிட வேண்டும். ஒருவரை விட்டு மற்றொருவரிடம் மாறும்போது மருந்துப் பட்டியல், சோதனை அறிக்கைகள், அமர்வுகளின் சுருக்கம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அந்தக் கோப்பு கையில் இருந்தால், அடுத்தவரிடம் பிள்ளை தன் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.